தனியார் கொடையும் பல்கலைக்கழக மொழிக்கல்வியும்: ஒரு வரலாற்று நோக்கு

உயர்கல்வியை அரசு மட்டுமே நடத்த வேண்டுமா, தனியாருக்கும் அதில் இடம் தரலாமா என்னும் வினா இந்தியாவில் புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்தே அது ஏதேனும் ஒரு வடிவில் எழுப்பப்பட்டு வருகிறது. வாதிடும் இரு சாராரும் பெரும்பாலும் பணத்தின் அளவைப் பற்றியே பேசுகின்றனர். அரசிடம் போதிய நிதி இல்லை என்பர் ஒரு சாரார். கல்வி விலைப்பொருளாகிவிடும் என்பர் மறு சாரார். இரண்டிலும் உண்மை உண்டு. ஆயினும் எந்தத் துறை எவருடைய பணத்தால் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தது, நுழைந்தபின் எவருடைய பணத்தால் நிலைத்தது என்னும் கேள்வி அதிகம் கேட்கப்படவில்லை. இக்கட்டுரை அக்கேள்வியை இந்திய மொழிகள், மொழியியல் ஆகியவற்றின் வரலாற்றைக் கொண்டு ஆராய முற்படுகிறது. இது கட்டுரையாளரின் துறை என்பது ஒரு காரணமே. சந்தையில் விலைபோகாததும் ஆட்சிக்கு உடனடித் தேவையில்லாததுமான ஒரு துறை எவ்வாறு பிழைத்தது என்பதை அறிய இதனினும் தக்க சான்று கிடைப்பது அரிது என்பது மற்றொரு காரணம்.

நிறைவேறாத ஒரு பரிந்துரை

இந்தியப் பல்கலைக்கழகங்களின் தோற்றத்துக்கு அடிப்படையாக அமைந்தது 1854-ஆம் ஆண்டின் சார்லஸ் உட் கல்வி அறிக்கை. தனியார் கல்வி நிலையங்களுக்கு அரசு நிதியுதவி அளிக்கும் முறையை வகுத்ததும் அவ்வறிக்கையே. ஆகவே அரசும் தனியாரும் அருகருகே நின்று கல்வி நடத்துவது என்பது இந்நாட்டில் முதல் பல்கலைக்கழகங்கள் தோன்றுவதற்கு முன்னரே ஏற்றுக்கொள்ளப்பட்ட ஏற்பாடாகும். அறிக்கையில் அவ்வளவாகப் பேசப்படாத பகுதி ஒன்றுண்டு. அமையவிருக்கும் பல்கலைக்கழகங்களில் சட்டம், பொறியியல் முதலியவற்றுக்குப் பேராசிரியர் இருக்கைகள் நிறுவலாம் எனக் கூறும் அது, நாட்டு மொழிகளுக்கும் இருக்கைகள் நிறுவினால் அம்மொழிகளின் பயிற்சி பெரிதும் ஊக்கம் பெறும் என்கிறது. வடமொழி, அரபு, பாரசீகம் ஆகியவற்றையும் அடுத்துக் குறிப்பிடுகிறது.

1857-இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று இடங்களிலும் பல்கலைக்கழகங்கள் அமைந்தன. ஆனால் அவை இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டவை. தேர்வு நடத்திப் பட்டம் வழங்குவதே அவற்றின் பணி. பாடம் நடத்துவது கல்லூரிகளின் வேலையாயிற்று. கற்பிக்காத பல்கலைக்கழகத்தில் இருக்கைக்கு இடமேது? நாட்டு மொழிகளுக்கு இருக்கை என்னும் பரிந்துரை ஏட்டிலேயே தங்கிவிட்டது. பல்கலைக்கழகங்கள் தாமே பேராசிரியர்களை அமர்த்திக் கற்பிக்க வழிசெய்தது 1904-ஆம் ஆண்டின் இந்தியப் பல்கலைக்கழகச் சட்டம். இடையில் ஐம்பது ஆண்டுகள் கழிந்திருந்தன.

இந்த இடைக்காலத்தில் தனியார் கல்லூரிகள் பெருகின. 1882-இல் அமைந்த ஹண்டர் குழு, அரசு கல்லூரிகளை நேரடியாக நடத்துவதிலிருந்து படிப்படியாக விலகித் தனியார் முயற்சிக்கு இடந்தர வேண்டும் எனப் பரிந்துரைத்தது. புனேயில் 1885-இல் பெர்கூசன் கல்லூரி தோன்றியது. சென்னையில் பச்சையப்பர் அறக்கட்டளைப் பள்ளி 1889-இல் கல்லூரியாக வளர்ந்தது. இவற்றின் தொண்டு பெரிது. ஆயினும் நம் பொருளுக்கு இவை துணைசெய்யவில்லை. கல்லூரியின் நிருவாகம் தனியாருடையது, பாடத்திட்டம் பல்கலைக்கழகத்துடையது. எத்துணைப் பெருஞ்செல்வர் கல்லூரி கண்டாலும், பல்கலைக்கழகம் வகுக்காத ஒரு பாடத்தை அவர் பட்டப்படிப்பாக வைக்க இயலாது. கல்லூரியைத் தனியார் நடத்துவதும் பல்கலைக்கழகத்தைத் தனியார் நடத்துவதும் ஒன்றன்று என்பது இங்கேதான் விளங்குகிறது. பின்னதன் பொருள் பாடத்தை வகுக்கும் உரிமை. தனியார் பல்கலைக்கழகம் வேண்டும் என்னும் வாதத்துக்கு வலிமையான அடிப்படை ஒன்று உண்டென்றால் அது இவ்வுரிமையே என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. இடப் பற்றாக்குறையும் நிதிப் பற்றாக்குறையும் இதற்கு அடுத்த நிலையினவே.

இருக்கைகள்: கல்கத்தாவின் எடுத்துக்காட்டு

1904-க்குப் பின் கிடைத்த வாய்ப்பை முழுமையாகப் பயன்படுத்தியவர் கல்கத்தாப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் அசுதோஷ் முகர்ஜி. அவர் அரசு நல்கைக்குக் காத்திருக்கவில்லை. கொடையாளரைத் தேடிச் சென்றார். வழக்கறிஞர்களான தாரக்நாத் பாலித் 1912-இலும், ராஷ்பிகாரி கோஷ் 1913-இலும் அளித்த கொடைகளால் அறிவியல் கல்லூரி உருவாயிற்று. சி. வி. இராமன் 1917-இல் ஏற்றது பாலித் பெயரிலான இயற்பியல் இருக்கையையே. அறிவியல் வரலாறு எழுதுவோர் இதனைத் தவறாது குறிப்பிடுவர். மொழி வரலாறு எழுதுவோர் இதற்கு இணையான மற்றொன்றைக் குறிப்பிடுவதில்லை. பீகாரைச் சேர்ந்த கெய்ரா ஜமீன்தார் குருபிரசாத் சிங் அளித்த கொடையால் அமைந்த இருக்கைகளில் ஒன்று இந்திய மொழியியலுக்கும் ஒலியியலுக்கும் உரியது. இலண்டனில் ஆய்வை முடித்துத் திரும்பிய சுனீதிகுமார் சட்டர்ஜி 1922-இல் அவ்விருக்கையில் அமர்ந்தார். முப்பது ஆண்டுகள் அதில் இருந்தார். வங்காள மொழியின் தோற்றமும் வளர்ச்சியும் பற்றிய அவரது பெருநூல் 1926-இல் அப்பல்கலைக்கழகத்தாலேயே வெளியிடப்பெற்றது. இந்திய மொழிகளில் முதுகலைப் படிப்பு 1919-இல் அங்கே தொடங்கப்பட்டிருந்தது.

கல்கத்தா தனியார் பல்கலைக்கழகம் அன்று; அரசுச் சட்டத்தால் அமைந்தது. ஆனால் அதனுள் மொழியியல் பெற்ற இருக்கை தனியார் கொடையால் வந்தது. கொடைக்கு ஓர் இயல்பு உண்டு. ஒரு பொருளுக்கென அளிக்கப்பட்ட மூலதனத்தின் வட்டி அப்பொருளுக்கே செல்லும். இவ்வாண்டு மாணவர் எத்தனை பேர் சேர்ந்தனர் என்று அது கேட்பதில்லை. அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் என்ன வெட்டப்படும் என்று அஞ்சுவதுமில்லை. கட்டணத்துக்கும் அரசு நல்கைக்கும் இந்த இயல்பு கிடையாது.

ஏற்பிசைவு பெறாத இரண்டு முயற்சிகள்

அரசின் ஒப்புதலின்றியே பல்கலைக்கழகக் கல்வி நடத்த முயன்றவர்களும் உண்டு. வங்கப் பிரிவினைக் கிளர்ச்சியின்போது 1906-இல் தோன்றிய தேசியக் கல்விக் கழகம் தாய்மொழிவழிக் கல்வியைத் தன் நோக்கங்களுள் ஒன்றாக அறிவித்தது. அதன் கல்லூரிக்கு அரவிந்தர் முதல்வராக இருந்தார். அது வழங்கிய சான்றிதழுக்கு அரசு அலுவலகங்களில் மதிப்பில்லை. கலைப்பிரிவு சில ஆண்டுகளில் மெலிந்தது. தொழில்நுட்பப் பிரிவோ நிலைத்தது. தொழிற்சாலைகள் பட்டத்தைப் பார்க்கவில்லை, திறனைப் பார்த்தன. அதுவே வளர்ந்து 1955-இல் யாதவ்பூர் பல்கலைக்கழகமாயிற்று. மறு ஆண்டே அங்கு புத்ததேவ போஸ் ஒப்பிலக்கியத் துறையைத் தொடங்கினார். தனியார் கைவிட நேர்ந்த மொழி இலக்கியக் கல்வி, அரசுச் சட்டத்தின் நிழலில் மீண்டும் வந்தது எனலாம்.

இரண்டாவது முயற்சி மேலும் வியப்பானது. கைம்பெண்களின் கல்விக்காகத் தம் வாழ்நாளைச் செலவிட்ட தோண்டோ கேசவ கார்வே, ஜப்பானில் நடைபெற்ற பெண்கள் பல்கலைக்கழகம் பற்றிப் படித்தறிந்து, 1916-இல் புனேக்கு அருகே ஐந்து மாணவியருடன் ஒரு பெண்கள் பல்கலைக்கழகத்தைத் தொடங்கினார். உயர்கல்வி முழுவதையும் தாய்மொழியில் கற்பிப்பது, ஆங்கிலத்தைக் கட்டாயப் பாடமாக மட்டும் வைப்பது என்பது அவர் வகுத்த கொள்கை. பம்பாய்ப் பல்கலைக்கழகம் அன்று இதனை எண்ணிப் பார்க்கவும் ஆயத்தமாக இல்லை. 1920-இல் ஆலை முதலாளி விட்டல்தாஸ் தாக்கர்சி 15 இலட்சம் ரூபாய் வழங்க, அவருடைய அன்னை நாதிபாய் பெயரை அது பெற்றது. சட்டமுறைப் பல்கலைக்கழகம் என்னும் தகுதி அதற்கு 1951-இல்தான் கிடைத்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் மதிப்பற்ற பட்டத்தை வழங்கிக்கொண்டே ஒரு பல்கலைக்கழகம் நிலைத்ததென்றால், அதன் பின்னே கட்டணமல்லாத பணம் இருந்ததே காரணம். அதே சமயம், அப்பட்டத்தை நம்பிப் படித்த பெண்கள் அம்முப்பத்தைந்து ஆண்டுகளில் இழந்தவற்றையும் மறத்தலாகாது. கொடை ஒரு பாடத்தைத் தொடங்க உதவும். பட்டத்துக்கு மதிப்புத் தருவது பொதுச்சட்டம் ஒன்றே.

அரசு தேர்ந்தெடுக்கும் மொழி

அரசுநிதி மொழிகளுக்கு ஒன்றும் செய்யவில்லை என்று இதனால் முடிவு கட்டுவது பிழையாகும். கிரியர்சனின் இந்திய மொழிகள் கணக்கெடுப்பு முழுவதும் அரசுச் செலவில் நடந்தது. அதன் தொகுதிகள் 1903-க்கும் 1928-க்கும் இடையே வெளிவந்தன. சென்னை மாகாணத்தில் நேரடிக் கணக்கெடுப்பு நடைபெறவில்லை என்பது நமக்கு நேர்ந்த இழப்பு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி அரசு உதவியுடன் 1924 முதல் 1936 வரை தொகுதி தொகுதியாக வெளிவந்தது. இவை தனியார் எவரும் எளிதில் மேற்கொள்ள முடியாத பணிகள். இவற்றிடையே ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டுமே தொடக்கமும் முடிவும் உடைய திட்டங்கள். அரசு இத்தகையவற்றுக்கு மனமுவந்து பணம் தரும். முடிவில்லாமல் தொடரவேண்டிய கற்பித்தல் இருக்கைக்குத் தரும்போதுதான் அதற்குத் தயக்கம் வருகிறது.

இந்திய மொழியொன்றைப் பயிற்றுமொழியாகக் கொண்ட அரசுப் பல்கலைக்கழகமும் இருந்தது. 1918-இல் ஐதராபாத் நிஜாம் நிறுவிய உஸ்மானியாப் பல்கலைக்கழகம் உருது வழியில் மருத்துவமும் பொறியியலும் உட்படக் கற்பித்தது. அதற்கென ஒரு மொழிபெயர்ப்பு நிலையம் நூற்றுக்கணக்கான நூல்களைப் பெயர்த்தது. கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபடுவோர் இன்றும் அதனிடம் கற்கவேண்டியவை உள. ஆனால் நிஜாமின் குடிமக்களில் பெரும்பாலோர் தெலுங்கும் மராத்தியும் கன்னடமும் பேசியவர்கள். அவர்களுடைய மொழிகள் பயிற்றுமொழியாகும் வாய்ப்பு அங்கே எழவில்லை. அரசு மொழிக்கு நிதி தரும்போது, பெரும்பாலும் தன் மொழிக்கே தருகிறது. இது நிஜாமுக்கு மட்டும் உரிய குறையன்று. சுதந்திரத்துக்குப் பின் மாநிலங்கள் மொழிவழி அமைந்தபின், ஒவ்வொரு மாநிலப் பல்கலைக்கழகமும் மாநில மொழித்துறையைப் பேணியது. அம்மாநிலத்துச் சிறுபான்மையினர் மொழிகளும் பழங்குடியினர் மொழிகளும் எந்தத் துறையில் இடம்பெறும் என்பது பலகாலம் யாருடைய கவலையாகவும் இல்லை. 1969-இல் மைசூரில் நடுவண் அரசு இந்திய மொழிகள் நிறுவனத்தை அமைத்ததற்கு இவ்விடைவெளியும் ஒரு காரணம் என்று கொள்ளலாம். நிதிக்கு ஒரே ஊற்றுதான் என்றால், தேர்வும் ஒன்றுதான். தனியார் பல்கலைக்கழகங்களுக்கான வாதத்தில் இதனைவிட முகாமையான கூறு இல்லை.

மூடப்பட்ட கல்லூரியில் பிறந்த மொழியியல்

இந்தியாவில் நவீன மொழியியல் பரவியதற்கு எந்த நிறுவனம் முதன்மையான காரணம் என்று கேட்டால், துறையினர் பெரும்பாலோர் புனேயின் டெக்கான் கல்லூரியைச் சுட்டுவர். அக்கல்லூரியின் வரலாறு நம் பொருளுக்கு அளவுக்கு மேற்பட்ட சான்றாக அமைகிறது.

பேஷ்வாக்கள் அறிஞர்களுக்கு வழங்கிவந்த தட்சிணைக் கொடையின் எஞ்சிய நிதியைக் கொண்டு 1821-இல் புனேயில் வடமொழிக் கல்லூரி ஒன்று நிறுவப்பட்டது. அது பலமுறை உருமாறி 1864-இல் டெக்கான் கல்லூரி என்னும் பெயரைப் பெற்றது. எரவாடாப் பகுதியில் அதன் கட்டடம் எழுவதற்குப் பம்பாய்ப் பார்சி வணிகர் ஜாம்செட்ஜி ஜீஜீபாய் குடும்பத்தின் கொடை பெரிதும் உதவியது. இராமகிருஷ்ண கோபால் பண்டார்கர் அங்கே கற்பித்தார். பாலகங்காதர திலகர் அங்கே பயின்றார். நிருவாகம் முழுவதும் அரசினுடையது. 1934-இல் பம்பாய் அரசு அக்கல்லூரியை மூடிவிட்டது.

அத்துடன் கதை முடிந்திருக்கும். அரசு தொடங்கியதை அரசு மூடினால் கேட்பதற்கு யாருக்கு உரிமை? ஆனால் இங்கே ஒரு கொடை இருந்தது. பழைய மாணவர்கள், எம். ஆர். ஜெயகர் போன்றோர் துணைநிற்க, கொடையாளர் குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டு நீதிமன்றம் சென்றனர். கல்வி நிலையத்துக்கென அளிக்கப்பட்ட கொடையை ஏற்றுக்கொண்ட அரசு, அக்கல்வி நிலையத்தைத் தன் விருப்பப்படி இல்லாமல் ஆக்க முடியாது என்பது அவர்கள் வாதத்தின் சாரம். வழக்கின் விளைவாக 1939-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கல்லூரி மீண்டும் திறக்கப்பட்டது. இம்முறை அது பட்டப்படிப்புக் கல்லூரி அன்று. முதுநிலை ஆய்வு நிறுவனம். தொல்லியலுக்கு சங்காலியாவும் சமூகவியலுக்கு ஐராவதி கார்வேயும் அங்கு வந்தனர். மொழியியலுக்கு வந்தவர் எஸ். எம். காத்ரே. 1942 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அவர் நிறுவன இயக்குநராக இருந்தார். வரலாற்று நெறியிலான வடமொழிப் பேரகராதித் திட்டம் 1948-இல் அங்கே தொடங்கியது.

1950-களின் நடுவில் நடந்தது இதனினும் விரிந்த பயனுடையது. ராக்பெல்லர் அறநிறுவனம் அளித்த நிதியுதவியால் டெக்கான் கல்லூரி மொழியியல் பள்ளிகளை நடத்தத் தொடங்கியது. கோடை விடுமுறைகளில் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மொழியாசிரியர்கள் வந்து கூடினர். ஒலியியலும் விளக்கமுறை இலக்கணமும் களப்பணியும் அங்கே கற்பிக்கப்பட்டன. இலக்கியமும் இலக்கணமும் மட்டுமே கற்றிருந்த தமிழ், மலையாள, கன்னட, தெலுங்கு ஆசிரியர்கள் பேச்சுமொழியை ஆய்வுப் பொருளாகக் காணும் பார்வையை இப்பள்ளிகள் வழியே பெற்றனர். நாட்டின் பல்கலைக்கழகங்களில் மொழியியல் துறைகள் தோன்றியபோது அவற்றை நடத்தத் தேவையான ஆட்கள் இருந்தமைக்கு இதுவே காரணம். பம்பாய் வணிகர் குடும்பத்தின் கொடை ஒன்று, மாணவர்கள் தொடுத்த வழக்கு ஒன்று, அயல்நாட்டு அறநிறுவனத்தின் நிதி ஒன்று: அரசின் கல்வித் திட்டம் எதிலும் முன்கூட்டி எழுதப்படாத மூன்றின் சேர்க்கையால் ஒரு துறை இந்நாட்டில் வேர்கொண்டது.

வேர்கொண்டபின் அதனைப் பேணியது அரசே என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1960-களில் பல்கலைக்கழக நல்கைக்குழு மொழியியலுக்கென உயராய்வு மையங்களை அமைக்க முற்பட்டபோது தேர்ந்த இரு இடங்கள் டெக்கான் கல்லூரியும் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் ஆகும். இரண்டுமே தனியார் கொடையின் வழிவந்தவை என்பது தற்செயலன்று.

அண்ணாமலை: ஏற்றமும் இறக்கமும்

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைப் பற்றித் தமிழ் வாசகர்களுக்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. நம் பொருளுக்கு வேண்டிய சிலவற்றை மட்டும் காண்போம். அண்ணாமலைச் செட்டியார் 1920-இல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். அதனையடுத்துத் தமிழ்க்கல்லூரியும் வடமொழிக் கல்லூரியும் அமைந்தன. தமிழ்க்கல்லூரிக்கு உ. வே. சாமிநாதையர் 1924 முதல் 1927 வரை முதல்வராக இருந்தார். 1928-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இக்கல்லூரிகள் ஒன்றிணைந்து 1929 சனவரி முதல் நாளிலிருந்து பல்கலைக்கழகமாயின. நிறுவனர் தம் கல்லூரிகளின் உடைமைகளோடு 20 இலட்சம் ரூபாயும் வழங்கினார். சென்னை அரசும் நிதி தந்தது. நிறுவனருக்கும் அவர் வழியினருக்கும் இணைவேந்தர் பதவி உரித்தாக்கப்பட்டது. இதனை முழுமையான தனியார் பல்கலைக்கழகம் என்று சொல்வதும் பொருந்தாது, அரசுப் பல்கலைக்கழகம் என்பதும் பொருந்தாது. தனியார் கொடை, பொதுச்சட்டம், அரசு நல்கை என மூன்றும் பின்னிய ஓர் அமைப்பு அது.

அங்கே நடந்த மொழிப்பணியை நோக்கினால் இப்பின்னலின் பயன் விளங்கும். விபுலாநந்த அடிகள், சோமசுந்தர பாரதியார், தெ. பொ. மீனாட்சிசுந்தரனார் எனத் தமிழ்ப் பேராசிரியர் வரிசை அமைந்தது. தமிழிசைக்கென மாநாடு கூட்டவும் பாடல்கள் தொகுக்கவும் 1940-களில் அங்கு இடமிருந்தது. இசைமேடைகளில் தமிழ்ப்பாடல் துக்கடாவாக ஒதுக்கப்பட்டிருந்த காலம் அது. பின்னர் மொழியியல் துறை வளர்ந்தபோது இருளர், தோடர், குடகர் முதலியோரின் மொழிகளுக்கு விளக்கமுறை ஆய்வுகள் அங்கிருந்து வெளிவந்தன. இம்மொழிகளைப் படிக்க எந்த மாணவரும் கட்டணம் கட்டி வரமாட்டார். இவற்றைப் பேசுவோரின் வாக்கு எந்த அமைச்சரவையையும் தீர்மானிக்காது. கொடையால் தொடங்கிய ஒரு வளாகத்தில், நல்கைக்குழுவின் நிதியால் இவ்வாய்வுகள் நடந்தன.

இறக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. காலப்போக்கில் மூலக்கொடையின் பங்கு சுருங்கிக் கட்டண வருவாயின் பங்கு பெருகியது. 1979-இல் தொடங்கிய தொலைதூரக் கல்வி மிகப் பெரிதாக வளர்ந்தது. மருத்துவம், பொறியியல் படிப்புகள் வந்தன. பணியாளர் எண்ணிக்கை தேவைக்கு மிஞ்சியது. நிதி நெருக்கடி முற்றியதால் 2013-இல் தமிழக அரசு நிருவாகியை அமர்த்தி, அதே ஆண்டில் புதிய சட்டத்தின் வழியே பல்கலைக்கழகத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. மிகைப் பணியாளர்கள் பிற அரசு நிறுவனங்களுக்கு மாற்றப்பட்டனர். தனியார் கல்வி தோற்றதற்கு இதனைச் சான்றாகக் காட்டுவோர் உளர். கொடையால் நடந்த பல்கலைக்கழகம் கட்டணத்தால் நடக்கும் பல்கலைக்கழகமாக மாறியதன் விளைவு என்று கொள்வதே வரலாற்றுக்குப் பொருந்துகிறது. ஒரு குடும்பத்தின் வழிவழி உரிமை, பொதுத் தணிக்கைக்கு ஈடாகாது என்பதும் இதனால் பெறப்படும்.

இன்றைய வாதம்

1990-களில் தனியார் பல்கலைக்கழகம் பற்றிய பேச்சு வேறு தளத்துக்குப் போயிற்று. 1995-இல் மாநிலங்களவையில் கொண்டுவரப்பட்ட தனியார் பல்கலைக்கழக மசோதா சட்டமாகவில்லை. 2002-இல் சத்தீசுகர் மாநிலம் இயற்றிய சட்டத்தின்கீழ் அறிவிக்கையின் வழியாகவே நூற்றுக்கு மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் தோன்றின. அவற்றுள் பல பெயரளவில் மட்டுமே இருந்தன. கல்வியாளர் யஷ்பால் தொடுத்த வழக்கில் 2005-இல் உச்சநீதிமன்றம் அச்சட்டத்தின் அடிப்படைப் பிரிவுகளைச் செல்லாதனவாக்கியது. அதன்பின் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் மாநிலச் சட்டத்தின் வழி இடம்தரும் முறை வலுப்பெற்றது. 2021–22-ஆம் ஆண்டு அனைத்திந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி நாட்டிலுள்ள 1,168 பல்கலைக்கழகங்களில் 473 அரசு உதவி பெறாத தனியார் நிறுவனங்கள். இனி இவை வேண்டுமா வேண்டாமா என்று கேட்பதில் பயனில்லை. எவ்வகையான தனியார் பல்கலைக்கழகம் வேண்டும் என்றே கேட்க வேண்டும்.

இந்நிறுவனங்களில் பெரும்பாலானவற்றின் வருவாய் மாணவர் கட்டணம். கட்டணம் எங்கே போகச் சொல்கிறதோ அங்கேதான் அவை போகும். பொறியியலும் மேலாண்மையும் கணிப்பொறியும் பெருகும். இந்திய மொழித்துறை அமையாது. புதிதாகத் தொடங்கப்பெற்ற தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் மொழிப்பாடத்திட்டம் வகுக்கும் குழுவில் இக்கட்டுரையாளர் ஒருமுறை அமர்ந்ததுண்டு. முதல் கூட்டத்திலேயே ‘மொழி’ என்னும் சொல் ‘தொடர்பாடல் திறன்’ என மாறிவிட்டது. இரண்டாம் கூட்டத்தில் அது ஆங்கிலம் ஒன்றையே குறிப்பதாயிற்று. மூன்றாம் கூட்டம் கூட்டப்படவில்லை. அந்நிருவாகத்தைக் குறைகூறுவது நோக்கமன்று. கட்டணத்தால் இயங்கும் ஒரு நிறுவனம் வேறுவிதமாக நடந்துகொள்ள வழியில்லை.

விதிவிலக்குகள் உண்டு, அவை நம் கருத்தையே உறுதிசெய்கின்றன. பெங்களூரில் 2010-இல் அமைந்த அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம், கல்வித்துறை நூல்களைக் கன்னடத்திலும் இந்தியிலும் ஆக்கும் பணியை மேற்கொண்டுள்ளது. அதன் பின்னே இருப்பது ஒரு பேரறக்கொடை. கொடையாளர் பலர் சேர்ந்து உருவாக்கிய அசோகா பல்கலைக்கழகத்தில் இந்திய மொழிகளுக்கான மொழிபெயர்ப்பு மையம் இயங்குகிறது. கட்டணம் இவற்றிலும் உண்டு; சிலவற்றில் மிகுதியாகவே உண்டு. ஆயினும் கட்டணத்தை மட்டும் நம்பாத இடத்தில்தான் இப்பணிகள் முளைத்துள்ளன.

மறுபுறம், அரசுப் பல்கலைக்கழகங்களின் மொழித்துறைகளில் ஓய்வுபெற்றோரின் இடங்கள் நிரப்பப்படாமல் கிடப்பது துறையினர் அனைவரும் அறிந்ததே. நான்கு பேராசிரியர் இருந்த இடத்தில் ஒருவரும் சில மதிப்பூதிய ஆசிரியர்களும் எஞ்சுகின்றனர். இடம் ஒப்பளிக்கப்பட்டிருந்தும் நிதித்துறையின் இசைவு வருவதில்லை. 1854-இன் பரிந்துரைக்கு நேர்ந்தது நினைவுக்கு வருகிறது. இந்நிலையில் தனியார் பல்கலைக்கழகங்களை அரசுக் கல்விக்கு மாற்றாகக் கொண்டு அரசு விலகிக்கொண்டால், மொழிக்கல்வி இரு இடத்திலும் இல்லாமல் போகும். கல்கத்தாவும் புனேயும் சிதம்பரமும் காட்டுவது அரசு விலகிய கதையை அன்று. ஒருவர் தொடங்கியதை மற்றவர் தாங்கிய கதையை அவை காட்டுகின்றன. தனியார் பல்கலைக்கழகத்தில் நல்ல ஆய்வு நடந்தால் அதற்குப் பொதுநிதியின் ஆய்வு நல்கை கிடைக்க வேண்டும். அரசுப் பல்கலைக்கழகம் ஒரு கொடையாளரின் இருக்கையை ஏற்க முன்வந்தால் அலுவலகக் கோப்புகள் அதற்குத் தடையாகாதிருக்க வேண்டும். அண்ணாமலையின் படிப்பினைக்கேற்ப இரு சாராருக்கும் பொதுத் தணிக்கை ஒன்றாகவே இருக்க வேண்டும்.

சட்டத்திலேயே திருத்தக்கூடிய ஒன்றும் உண்டு. தனியார் பல்கலைக்கழகம் தொடங்குவோர் ஒரு நிலைநிதி வைக்க வேண்டும் என்று மாநிலச் சட்டங்கள் விதிக்கின்றன. பெயரைக் கேட்டால் பாலித் கொடை போன்றதொன்று என்று தோன்றும். உண்மையில் அது பிணைத்தொகை. நிறுவனம் விதிகளை மீறினாலோ மூடப்பட்டாலோ அரசு எடுத்துக்கொள்வதற்காக வைக்கப்படுவது. அதன் வருவாயை உட்கட்டமைப்பு வளர்ச்சிக்குப் பயன்படுத்தலாம், தொடர்செலவுகளுக்குப் பயன்படுத்தக்கூடாது எனச் சில மாநிலச் சட்டங்கள் வெளிப்படையாகவே கூறுகின்றன. பேராசிரியர் ஒருவரின் ஊதியம் தொடர்செலவு. எனவே அந்த வட்டியில் ஒரு கட்டடம் எழுப்பலாம், மொழியியல் இருக்கை ஒன்றை நிறுவ முடியாது. சுனீதிகுமார் சட்டர்ஜியை முப்பது ஆண்டுகள் அமர்த்திவைத்த ஏற்பாட்டை இன்றைய சட்டம் இவ்வாறு தடுத்துவைத்திருக்கிறது. அவ்விதியில் ‘இந்திய மொழிகளுக்கான இருக்கைகள் நீங்கலாக’ என்னும் ஒரு தொடரைச் சேர்ப்பதற்கு அரசுக்குப் பணச்செலவு ஏதும் இல்லை.